மருத்துவ அலட்சியம்: சட்ட உதவியை எப்போது நாடுவது? சித்தூர், திருப்பதி மக்கள் அறிய வேண்டியவை

திருப்பதி: 2021 மே 10-ஆம் தேதி இரவு, திருப்பதி ரூயா அரசுப் பொது மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆக்சிஜன் அழுத்தம் திடீரெனக் குறைந்தது. தமிழகத்தின் ஸ்ரீபெரும்புதூரில் இருந்து வர வேண்டிய டேங்கர் லாரி உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. ஆக்சிஜனை மீண்டும் நிரப்புவதற்குள் ஏற்பட்ட இடைவெளி சுமார் ஐந்து நிமிடங்கள்தான் என்று அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஹரிநாராயணன் தெரிவித்தார். அதற்குள் கொரோனா நோயாளிகள் 11 பேர் உயிரிழந்துவிட்டதாக அதிகாரிகள் அறிவித்தனர். எண்ணிக்கை அதைவிட அதிகம் என உறவினர்களும் எதிர்க்கட்சிகளும் கூறின. உயிரிழந்தோர் குடும்பங்களுக்குத் தலா ரூ.10 லட்சம் வழங்கப்படும் என அன்றைய முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி அறிவித்தார். விவகாரம் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றத்துக்கும் சென்றது.

அந்த இரவில் மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளைக் காப்பாற்றப் போராடிக்கொண்டிருந்தனர். அப்படியானால் தவறு யாருடையது? ஆக்சிஜன் இருப்பைக் கண்காணிக்க வேண்டிய நிர்வாகத்தினுடையதா, விநியோக நிறுவனத்தினுடையதா, அரசினுடையதா? இலவசமாகச் சிகிச்சை பெற்ற ஒருவரின் குடும்பம் எந்த நீதிமன்றத்தை அணுக முடியும்? அரசு அறிவித்த தொகை கருணைத் தொகையா, சட்டப்படியான இழப்பீடா? மருத்துவமனையில் உறவினரை இழந்த ஒவ்வொரு குடும்பமும் ஏதோ ஒரு வடிவில் எதிர்கொள்ளும் கேள்விகள் இவை. துயரத்தில் இருக்கும் குடும்பம் வழக்கறிஞரைத் தேடுவதற்குள் பெரும்பாலும் பல மாதங்கள் கடந்துவிடுகின்றன. அந்த மாதங்களில்தான் ஆவணங்கள் தொலைகின்றன, காலக்கெடுவும் கரைகிறது.

எது அலட்சியம், எது அலட்சியம் அல்ல

சிகிச்சை பலன் அளிக்காமல் போவதும் மருத்துவ அலட்சியமும் ஒன்றல்ல. சட்டம் இந்த வேறுபாட்டை மிகக் கண்டிப்பாகப் பார்க்கிறது. அதே துறையில் சராசரித் திறனும் கவனமும் கொண்ட ஒரு மருத்துவர் அந்தச் சூழலில் என்ன செய்திருப்பாரோ, அதைச் செய்யத் தவறினாரா என்பதுதான் அடிப்படைக் கேள்வி. 1957-இல் இங்கிலாந்தில் போலம் என்ற வழக்கில் உருவான இந்த அளவுகோலை, 2005 ஆகஸ்ட் 5-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. நோயாளி இறந்துவிட்டார் என்ற ஒரே காரணத்துக்காக மருத்துவரைக் குற்றவாளியாகக் கருத முடியாது என்று 2021-இலும் அந்நீதிமன்றம் கூறியது.

ஏற்கப்பட்ட இரண்டு சிகிச்சை முறைகளில் ஒன்றை மருத்துவர் தேர்ந்தெடுத்தார், அது பலிக்கவில்லை என்றால் அது அலட்சியம் ஆகாது. அறுவை சிகிச்சைக்குப் பின் கிருமித்தொற்று வந்தது என்பது மட்டும் போதாது. தொற்றின் அறிகுறிகள் தென்பட்ட பிறகும் இரண்டு நாட்கள் எவரும் கவனிக்கவில்லை என்றால் அது வேறு கதை. வயிற்றுக்குள் பஞ்சையோ துணியையோ விட்டுத் தைப்பது, தவறான ரத்த வகையை ஏற்றுவது, ஒவ்வாமை இருப்பதாகக் குறிப்பேட்டில் எழுதியிருந்தும் அதே மருந்தைச் செலுத்துவது, கவலைக்கிடமான நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பாமல் காலம் கடத்துவது ஆகியவை நீதிமன்றங்கள் எளிதில் அடையாளம் காணும் தவறுகள்.

ஒப்புதல் இல்லாத சிகிச்சையும் இதில் சேரும். 2008 ஜனவரி 16-இல் சமீரா கோலி வழக்கில் அளித்த தீர்ப்பில், பரிசோதனைக்காக மட்டும் ஒப்புதல் அளித்த பெண்ணின் கருப்பையை, அவர் மயக்கத்தில் இருந்தபோது தாயாரிடம் அனுமதி பெற்று அகற்றியது தவறு என உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த நேரத்தில் உயிருக்கு ஆபத்து இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும். மருத்துவமனை நீட்டும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோம், இனி எதுவும் கேட்க முடியாது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறான எண்ணம். சிகிச்சையில் உள்ள இயல்பான அபாயங்களுக்குத்தான் அந்தக் கையெழுத்து, அலட்சியத்துக்கு அல்ல.

மருத்துவமனையில் நேரும் எல்லா அவலமும் மருத்துவ அலட்சிய வழக்காகவும் ஆகாது. 2022 ஏப்ரலில் ரூயா மருத்துவமனையில் இறந்த 10 வயதுச் சிறுவனின் உடலை, ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் கேட்ட தொகையைக் கொடுக்க முடியாமல் தந்தை சுமார் 90 கிலோமீட்டர் தூரம் இருசக்கர வாகனத்தில் கொண்டு சென்றார். நாட்டையே அதிரவைத்த சம்பவம் அது. ஆனால் அங்கே கேள்விக்குள்ளானது சிகிச்சை அல்ல, நிர்வாகம். அத்தகைய புகார்களுக்கு மாவட்ட ஆட்சியரும் மனித உரிமை ஆணையமுமே பொருத்தமான இடங்கள்.

இரண்டு ஆண்டு என்ற கடிகாரம்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 69-ஆம் பிரிவின்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையம் மன்னிக்கலாம். மன்னிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மருத்துவமனைக்கு எழுதும் கடிதங்களோ, வழக்கறிஞர் மூலம் அனுப்பும் அறிவிப்போ இந்தக் கெடுவை நீட்டிப்பதில்லை. 'பேசித் தீர்த்துக்கொள்ளலாம்' என்று மருத்துவமனை நிர்வாகம் மாதக்கணக்கில் இழுத்தடிக்கும்போது குடும்பங்கள் இதை மறந்துவிடுகின்றன.

கெடு எந்த நாளில் தொடங்குகிறது என்பது எப்போதும் எளிதான கேள்வி அல்ல. மும்பை மருத்துவர் ஒருவர் 1993-இல் செய்த பித்தப்பை அறுவை சிகிச்சையின்போது வயிற்றுக்குள் துணி தங்கிவிட்டதாகக் கூறப்பட்டது. பல ஆண்டுகள் வலியால் அவதிப்பட்ட நோயாளிக்கு 2002-இல் நடந்த இரண்டாவது அறுவை சிகிச்சையில்தான் அது தெரியவந்தது. தெரிந்த இரண்டு ஆண்டுகளுக்குள், 2004 அக்டோபரில் அவர் புகார் அளித்தார். ஆனாலும் 2010-இல் உச்ச நீதிமன்றம் புகாரைத் தள்ளுபடி செய்தது. அறுவை சிகிச்சை முடிந்த சில நாட்களிலேயே வலி தொடங்கிவிட்டது. மருத்துவத் துறையிலேயே பணியாற்றிய அவர், முன்பே அறுவை சிகிச்சை செய்த மருத்துவரை அணுகியிருந்தால் காரணம் தெரிந்திருக்கும் என்பது நீதிமன்றத்தின் கருத்து. தவறு தெரிந்த நாளிலிருந்தே கெடுவைக் கணக்கிட வேண்டும் என்ற விதியை நீதிமன்றம் மறுக்கவில்லை. நியாயமான கவனத்துடன் தேடியிருந்தால் எப்போது தெரிந்திருக்கும் என்றும் பார்க்க வேண்டும் என்றது. வலியைப் பொறுத்துக்கொண்டிருப்பதற்கும் சட்டத்தில் ஒரு விலை உண்டு என்பதை இத்தீர்ப்பு கடுமையாகவே உணர்த்துகிறது.

ஆகவே வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுத்த பிறகு வழக்கறிஞரைத் தேடுவது சரியான வரிசை அல்ல. சந்தேகம் எழுந்தவுடன் ஒருமுறை ஆலோசனை பெறுவதும், வழக்குத் தொடுப்பதை ஆவணங்களைப் பார்த்த பின் முடிவு செய்வதுமே நல்லது. எதிர்பாராத மரணம், சிகிச்சைக்குப் பின் நிரந்தர ஊனம், பிரசவத்தில் குழந்தைக்கு மூளைப் பாதிப்பு, இரண்டாவது மருத்துவர் முதல் சிகிச்சையில் தவறு இருப்பதாகக் கூறுவது, குறிப்பேடுகளைத் தர மருத்துவமனை மறுப்பது, பணம் தருகிறோம் கையெழுத்துப் போடுங்கள் என்று நிர்வாகமே முன்வருவது: இவற்றில் ஒன்று நடந்தாலும் தாமதிக்காமல் ஆலோசனை பெற வேண்டும். கடைசியாகச் சொன்னதில் கூடுதல் கவனம் தேவை. 'முழுமையான, இறுதியான தீர்வு' என்று எழுதப்பட்ட தாளில் போடும் கையெழுத்து, பிறகு தொடரும் எந்த வழக்கிலும் மருத்துவமனையின் முதல் ஆயுதமாகும்.

முதல் 72 மணி நேரம்

2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவரால் அதிகாரம் அளிக்கப்பட்டவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவக் குறிப்பேடுகளை வழங்க வேண்டும். உள்நோயாளிகளின் குறிப்பேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். 2023-இல் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த புதிய விதிகள் நிறுத்திவைக்கப்பட்டதால் 2002 விதிகளே நடைமுறையில் உள்ளன.

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதும் என்று பல குடும்பங்கள் எண்ணுகின்றன. அது மருத்துவமனை கடைசியில் எழுதிக் கொடுக்கும் சுருக்கம். வழக்கின் உயிர்நாடி கேஸ் ஷீட்டில்தான் இருக்கிறது. செவிலியர் மணிக்கு மணி எழுதிய குறிப்புகள், மருந்து கொடுத்த நேரம், மயக்க மருந்துப் பதிவு, அறுவை சிகிச்சைக் குறிப்பு, ஒப்புதல் படிவம், ஆய்வக முடிவுகள், ஸ்கேன் படங்கள் ஆகிய அனைத்தையும் கேட்க வேண்டும். வாய்மொழியாகக் கேட்டால் பயனில்லை. எழுத்து மூலம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் நகலில் வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். அரசு மருத்துவமனை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம். பில்களையும் மருந்துக் கடை ரசீதுகளையும் தூக்கி எறியக் கூடாது. யார் பணம் கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்தே எந்த மன்றத்தை அணுகுவது என்பது முடிவாகும்.

மருத்துவமனை மாறும்போது மற்றொரு சிக்கல் வரும். நோயாளியைக் குடும்பத்தினர் தாமாகவே அழைத்துச் செல்வதாகச் சில மருத்துவமனைகள் எழுதி வாங்குகின்றன. 'மருத்துவ ஆலோசனைக்கு எதிராக' என்ற அந்த வாசகம், இங்கே வசதி இல்லை என்று மருத்துவமனையே சொல்லி அனுப்பிய நிலையிலும் தாளில் இடம்பெறுவது உண்டு. கையெழுத்திடும் முன் வாசித்து, உண்மையான காரணத்தைத் தம் கையெழுத்திலேயே அருகில் எழுதிவைப்பது நல்லது.

பிரேதப் பரிசோதனை பற்றிய முடிவுதான் மிகக் கடினமானது. உறவினரின் உடலை அறுப்பதை எந்தக் குடும்பமும் விரும்பாது. மாலைக்குள் தகனம் முடிந்துவிட வேண்டும் என்ற அவசரமும் சேர்ந்துகொள்ளும். ஆனால் இறப்புக்கான காரணத்திலேயே ஐயம் இருந்தால், அதைத் தீர்க்கும் ஒரே வழி அதுதான். காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் அளித்தால் விசாரணை அறிக்கை தயாரித்து, அரசு மருத்துவமனைக்கு உடலை அனுப்புவார்கள். தகனத்துக்குப் பின் சான்றாக மிஞ்சுவது காகிதம் மட்டுமே. அந்தக் காகிதத்தை எழுதியதும் எதிர்த்தரப்புதான்.

ஆத்திரத்தில் மருத்துவமனைக் கண்ணாடிகளை உடைப்பதும் பணியாளர்களைத் தாக்குவதும் இப்பகுதியிலும் நடப்பதுதான். ஆந்திராவில் 2008 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி அதற்கு மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கிடைக்கும். புகார்தாரராக நின்றிருக்க வேண்டிய குடும்பம் குற்றம் சாட்டப்பட்ட தரப்பாக மாறிவிடுகிறது. சமரசப் பேச்சில் மருத்துவமனையின் கை ஓங்கிவிடுகிறது.

எந்தக் கதவைத் தட்டுவது

தனியார் மருத்துவமனையில் பணம் செலுத்திச் சிகிச்சை பெற்றவருக்கு நுகர்வோர் ஆணையமே முதன்மையான வழி. 1995 நவம்பர் 13-இல் இந்திய மருத்துவச் சங்கம் தொடர்பான வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கதவைத் திறந்தது. 2019 சட்டத்தில் 'மருத்துவம்' என்ற சொல் வெளிப்படையாக இல்லை. எனவே மருத்துவர்கள் வரமாட்டார்கள் என்ற வாதத்தை 2022-இல் அந்நீதிமன்றம் நிராகரித்தது. வழக்கறிஞர்களின் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என 2024 மே மாதம் தீர்ப்பளித்த அமர்வு, சாந்தா தீர்ப்பையே மறுபரிசீலனை செய்யலாம் என்றது. அதே ஆண்டு நவம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதற்கு அவசியம் இல்லை என்று முடித்துவைத்தது. ஆக, கதவு திறந்தே இருக்கிறது.

அரசு மருத்துவமனை விஷயம் வேறு. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் இடம் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று சாந்தா தீர்ப்பு கூறுகிறது. வெளிநோயாளிச் சீட்டுக்காகப் பெறும் பெயரளவிலான பதிவுக் கட்டணம் இதை மாற்றாது. ஆனால் சிலரிடம் கட்டணம் பெற்று, சிலருக்கு இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனையில், இலவச நோயாளியும் நுகர்வோரே. காப்பீட்டு நிறுவனமோ பணி வழங்குபவரோ கட்டணம் செலுத்தினாலும் அப்படித்தான். ஆந்திராவில் 2007-இல் ஆரோக்கியஸ்ரீ என்ற பெயரில் தொடங்கி, இப்போது என்.டி.ஆர். வைத்திய சேவை என வழங்கும் திட்டத்தில் நோயாளிக்காக அரசு மருத்துவமனைக்குப் பணம் செலுத்துகிறது. சேவையின் பயனாளியும் நுகர்வோரே என்று சட்டம் கூறுவதால், இத்திட்டத்தில் தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர், தாம் கையிலிருந்து பணம் கொடுக்கவில்லை என்பதற்காக உரிமையைக் கைவிட வேண்டியதில்லை. அட்டையின் நகலையும் திட்ட ஒப்புதல் கடிதத்தையும் பத்திரப்படுத்துவது இதனால்தான்.

முற்றிலும் இலவசமான அரசு மருத்துவமனையில் பாதிக்கப்பட்டவருக்கு உரிமையியல் நீதிமன்றமும் உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரமும் உள்ளன. அரசு மருத்துவரின் தவறுக்கு அரசே பொறுப்பு என்பது 1996-இல் அச்சுதராவ் கோட்வா வழக்கில் உறுதியானது. மகாராஷ்டிரத்தின் அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் 1963-இல் பிரசவத்துக்குப் பின் கருத்தடை அறுவை சிகிச்சை செய்யப்பட்ட பெண்ணின் வயிற்றில் துணியை விட்டுவிட்டதால் அவர் இறந்தார். குடும்பத்துக்கு நீதி கிடைக்க 33 ஆண்டுகள் ஆயின. தலையில் அடிபட்ட ஒருவரைக் கொல்கத்தாவில் அரசு மருத்துவமனைகள் அடுத்தடுத்துத் திருப்பி அனுப்பிய வழக்கில், அவசர சிகிச்சையை மறுப்பது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையை மீறுவதாகும் என 1996 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறி, இழப்பீடு வழங்க ஆணையிட்டது. ரூயா போன்ற நிகழ்வில் குடும்பங்கள் பற்றிக்கொள்ளக்கூடிய சட்டக் கயிறு இதுதான். அரசு அறிவிக்கும் கருணைத் தொகையைப் பெற்றுக்கொள்வதால் மட்டும் இந்த உரிமை போய்விடுவதில்லை. எதில் கையெழுத்திடுகிறோம் என்பதை மட்டும் பார்க்க வேண்டும்.

சிறிய தொகைக்கான தகராறு என்றால், சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் கீழ் இயங்கும் நிரந்தர மக்கள் நீதிமன்றத்தையும் அணுகலாம். மருத்துவமனைச் சேவை அதன் வரம்புக்குள் வருகிறது. ஆனால் அங்கு செல்லும் முன் வேறு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருக்கக் கூடாது.

மருத்துவரின் பதிவு மீது நடவடிக்கை கோருவோர், அவர் பதிவு செய்துள்ள மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் அளிக்கலாம். கவுன்சில் எச்சரிக்கலாம், பதிவை இடைநிறுத்தலாம், இழப்பீடு வழங்காது. கவுன்சில் முடிவெடுக்கட்டும் என்று காத்திருந்து இரண்டு ஆண்டுக் கெடுவைத் தவறவிடக் கூடாது.

எல்லை தாண்டிய சிகிச்சை

சித்தூரில் இருந்து வேலூர் சுமார் 35 கிலோமீட்டர்தான். குடிபாலா, நகரி, குப்பம் பகுதி மக்களுக்குத் தமிழக மருத்துவமனைகள் பக்கத்து ஊர் போன்றவை. அதேபோல திருத்தணியில் இருந்தும் அரக்கோணத்தில் இருந்தும் திருப்பதிக்குச் சிகிச்சைக்கு வருவோர் உண்டு. மாநில எல்லையைத் தாண்டிவிட்டால் வழக்கும் அங்கேதான் நடத்த வேண்டும் என்பது பழைய நிலை. 1986 சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ சம்பவம் நடந்த இடத்திலோதான் புகார் அளிக்க முடிந்தது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், புகார்தாரர் வசிக்கும் அல்லது பணிபுரியும் இடத்திலேயே தாக்கல் செய்ய வழி செய்தது. வேலூரிலோ சென்னையிலோ சிகிச்சை பெற்ற சித்தூர்வாசி, சித்தூர் மாவட்ட ஆணையத்திலேயே புகார் அளிக்கலாம். திருப்பதியில் சிகிச்சை பெற்ற திருத்தணிக்காரர் தம் மாவட்டத்திலேயே அளிக்கலாம்.

2022 ஏப்ரல் 4-இல் பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமானது. சித்தூர், திருப்பதி ஆகிய இரு நகரங்களிலும் நுகர்வோர் ஆணையங்கள் செயல்படுகின்றன. மேல்முறையீட்டுக்கான மாநில ஆணையம் விஜயவாடாவில் இருக்கிறது. 2025 ஜனவரி 1-இல் தொடங்கப்பட்ட இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே புகாரைப் பதிவேற்றவும், காணொலி விசாரணையில் பங்கேற்கவும் முடியும். எல்லையோரத் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தமிழில் உள்ள ஆவணங்களை ஆந்திர ஆணையத்திலும், தெலுங்கில் உள்ளவற்றைத் தமிழக ஆணையத்திலும் மொழிபெயர்ப்புடன் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். அதற்கும் நாள் ஒதுக்க வேண்டும்.

மாவட்ட ஆணையமா, மாநில ஆணையமா என்பதை முடிவு செய்வது கோரும் இழப்பீடு அல்ல, மருத்துவமனைக்குச் செலுத்திய தொகை. அது ரூ.50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையம், ரூ.2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். மூன்று லட்சம் செலவழித்து, உயிரிழப்புக்காக ரூ.80 லட்சம் கோரும் குடும்பமும் மாவட்ட ஆணையத்துக்கே செல்லும். இந்த முறை செல்லும் என 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. செலுத்திய தொகை ரூ.5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை, ரூ.10 லட்சம் வரை ரூ.200 மட்டுமே.

காவல் நிலையம் செல்வது எப்போது

பெரும்பாலான குடும்பங்களின் கால்கள் முதலில் செல்வது காவல் நிலையத்துக்குத்தான். ஆனால் குற்றவியல் வழக்குக்குச் சாதாரண அலட்சியம் போதாது; மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும் என்கிறது ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு. வேறொரு மருத்துவரிடம், முடிந்தவரை அரசு மருத்துவரிடம், சுயேச்சையான கருத்தைப் பெற்ற பிறகே காவல்துறை மேலே செல்ல வேண்டும். வழக்குப் பதிவானதும் வழக்கமான முறையில் கைது செய்யக் கூடாது. மருத்துவ அலட்சியப் புகார்களில் வழக்குப் பதியும் முன் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என 2013-இல் லலிதா குமாரி வழக்கில் அரசமைப்பு அமர்வும் கூறியது. எனவே புகார் கொடுத்த அன்றே எஃப்.ஐ.ஆர். பதிவாகவில்லை என்பதை வைத்துக் காவல்துறை விலைபோய்விட்டது என்று முடிவு செய்ய வேண்டியதில்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டுகள் வரை சிறை என்கிறது. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது அவ்வாறு செய்தால் அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள். பதிவு பெறாத போலி மருத்துவருக்கு இந்தச் சலுகை இல்லை. குற்றவியல் வழக்கு தோற்றாலும் நுகர்வோர் வழக்கு வெல்ல முடியும். இரண்டுக்கும் நிரூபண அளவு வேறு.

சான்றும் செலவும்

மருத்துவ வழக்கில் மருத்துவரே மருத்துவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டும். அதற்கு யார் வருவார் என்ற அச்சம் நியாயமானதே. ஆந்திராவிலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற கிஷன் ராவ் வழக்கு இதற்கு ஓரளவு விடை தந்தது. 2002 ஜூலையில் குளிர்காய்ச்சலுடன் ஐதராபாத் தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பெண்ணுக்கு மலேரியாவுக்கான சிகிச்சை அளிக்கப்படவில்லை. நான்கு நாட்களில் நிலைமை மோசமாகி வேறு மருத்துவமனைக்கு மாற்றியபோது ரத்தத்தில் மலேரியா கிருமி இருப்பது தெரிந்தது, அவர் இறந்துவிட்டார். மாவட்ட மன்றம் ரூ.2 லட்சம் இழப்பீடு வழங்கியது. நிபுணர் சாட்சியம் இல்லை என்று மாநில ஆணையம் அதை ரத்து செய்தது, தேசிய ஆணையமும் ஆமோதித்தது. 2010 மார்ச் 8-இல் உச்ச நீதிமன்றம் மாவட்ட மன்றத்தின் தீர்ப்பை மீட்டது. ஒவ்வொரு வழக்கிலும் நிபுணர் கருத்து கட்டாயம் இல்லை, தவறு ஆவணங்களிலேயே வெளிப்படையாகத் தெரிந்தால் அதுவே போதும் என்றது. அந்த வழக்கை வென்றுகொடுத்தவை இரண்டாவது மருத்துவமனையின் ஆய்வக முடிவும், மலேரியாவுக்குச் சிகிச்சை அளிக்கவில்லை என்ற முதல் மருத்துவமனை மருத்துவரின் வாக்குமூலமும்தான். மூளை அறுவை சிகிச்சை போன்ற சிக்கலான விஷயங்களில் நிபுணர் கருத்து இன்றி வெல்வது இன்றும் அரிது.

எந்த மருத்துவர் தவறு செய்தார் என்று தெரியாவிட்டாலும் மருத்துவமனையை மட்டும் எதிர்த்தரப்பாகச் சேர்த்தால் போதும் என்பதை 2004-இல் சவிதா கார்க் வழக்கு தெளிவுபடுத்தியது. இரவுப் பணியில் யார் இருந்தார்கள் என்று குடும்பத்துக்கு எப்படித் தெரியும்?

நுகர்வோர் ஆணையத்தில் வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. இருந்தாலும் மருத்துவ வழக்கில் தனியாக வாதாடுவது அறிவுடைமை ஆகாது. புகாரில் எழுதாத குற்றச்சாட்டைப் பிறகு வாதத்தில் கிளப்பினால் ஏற்கப்படுவது கடினம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞரைத் தரச் சட்டப்பணிகள் ஆணையங்கள் கடமைப்பட்டவை. கணவரை இழந்த பெண் புகார்தாரர் என்றால் அவருக்கு இந்த உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்து மாவட்ட ஆணையத்தின் உதவியைக் கேட்கலாம். நுகர்வோர் உரிமை பற்றிய பொதுவான தகவலுக்கு 1915.

மரணம் அல்லது கொடுங்காயம் விளைவித்த மருத்துவ அலட்சிய வழக்குகளைச் சமரச மையத்துக்கு அனுப்ப விதிகள் அனுமதிப்பதில்லை. ஆணையமே விசாரித்துத் தீர்ப்பளிக்க வேண்டும். மூன்று மாதங்களில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் ஆண்டுகள் ஆகின்றன. நாட்டின் மருத்துவ அலட்சிய வழக்குகளில் பெருந்தொகையாகப் பேசப்படும் கொல்கத்தா வழக்கில் சுமார் ரூ.6 கோடி இழப்பீடு 2013-இல் கிடைத்தது. மரணம் நிகழ்ந்தது 1998-இல்.

மாவட்ட ஆணையத்தின் தீர்ப்பை எதிர்த்து 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். மருத்துவமனை மேல்முறையீடு செய்தால் தீர்ப்புத் தொகையில் பாதியை முதலில் செலுத்த வேண்டும். தீர்ப்பை நிறைவேற்றாமல் இருப்பவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையோ, ரூ.25,000-க்குக் குறையாத அபராதமோ விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.